மீன் வீட்டுக்குத் தளம் போட்ட கதை

திருப்போரூர் என்றால் போர் நடந்த ஊர் என்று பொருள் சொல்லுவார்கள். முருகப் பெருமான் திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், இவ்வூரில் ஆகாயத்திலும் நின்று அசுரர்களோடு போர் புரிந்தான் என்பது புராண வழக்கு. அத்தகைய பெருமை வாய்ந்த ஊரில் குடியிருந்துகொண்டு, இரண்டடி நீளமுள்ள ஒரு கண்ணாடிப் பெட்டியோடு நாம் ஆறு மாத காலம் போராடினோம் என்று சொல்லிக்கொள்ளச் சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்தப் போரில் உயிர்ச்சேதம் உண்டாகிவிட்டபடியால், அதை மறைத்து வைப்பது நியாயமன்று என்று கருதி இதை எழுதத் துணிந்தோம்.

சென்ற தை மாதம் நம் பேத்திக்கு ஒன்பது வயது நிறைந்தது. அன்றைய தினம் அவளுடைய மாமா சென்னையிலிருந்து ஒரு மீன் தொட்டி கொண்டுவந்து கொடுத்தார். நீளம் இரண்டு அடி. அகலமும் உயரமும் ஒவ்வோர் அடி. ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் பிடிக்கும். காற்றுக் குழாயும், தண்ணீரை வடிகட்டும் சிறு யந்திரமும், ஒரு விளக்கும் கூடவே வந்தன. வராத பொருள் ஒன்றே ஒன்று. அடியில் பரப்புவதற்கு வேண்டிய மணல். கடைகளில் நீலமும் சிவப்புமாகச் சாயம் ஏற்றிய கற்களைப் பொட்டலம் பொட்டலமாக விற்கிறார்களாம். அதை வாங்கி வரட்டுமா என்று கேட்டார் மாமா.

நமக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கடற்கரைக்கு நாலைந்து மைல் தூரத்தில் குடியிருப்பவன் மணலை விலைக்கு வாங்குவதா? பனங்காட்டில் இருந்துகொண்டு விசிறிக்கு விலை கேட்கச் சொல்லுகிறீரா?" என்றோம். பேத்தி கை கொட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நம் கர்வம் ஒரு முழம் வளர்ந்தது.

மீன் தொட்டி விஷயத்தில் நமக்குப் பரம்பரை ஞானம் உண்டு என்கிற எண்ணமும் கூடச் சேர்ந்துகொண்டது. நம்முடைய பாட்டனார் வாலிபத்தில் சென்னைக் கடற்கரை மீன் காட்சிச்சாலையைக் கண்டு வந்தவர். 1909-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் மெரினாவில் திறக்கப்பட்ட சாலை அது. எழும்பூர் பொருட்காட்சிச்சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவர் அது அமைவதற்கு முக்கிய காரணமாயிருந்தவர். உலக யுத்தத்தின் நடுவே, 1942-இல் அதை மூடிவிட்டார்கள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நாங்கள்" என்று பாட்டனார் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடலைப் பேத்திக்கு வீட்டுக் கூடத்திலேயே காட்டிவிடுவது என்று நாம் சங்கற்பம் செய்துகொண்டோம்.

மறுநாள் காலையில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகளுடன் நெம்மேலி சாலையில் புறப்பட்டோம். பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டிப் போனால் கடல். கரையில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நம்மையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்குங்க ஐயா மணலு?"

"மீன் தொட்டிக்கு, அம்மா."

"எந்தத் தண்ணி மீனு?"

"நல்ல தண்ணீர் மீன்தான்."

"நல்ல தண்ணி மீனுக்கு எதுக்கு ஐயா கடல் மணலு?" என்று கேட்டுவிட்டு, அவள் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிய நமக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாவிட்டால் சிரித்து மழுப்புவது நம் தொழில் வழக்கம். அவ்வாறே சிரித்துவிட்டு இரண்டு வாளியும் நிரப்பிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

கிணற்றடியில் உட்கார்ந்து மணலைக் கழுவத் தொடங்கினோம். ஏழு தண்ணீர் மாற்றினோம். "அரிசி களைய ஒரு நாளாவது கை கொடுத்ததுண்டா? மணலை மட்டும் இவ்வளவு சிரத்தையாகக் களைகிறீர்களே!" என்று நம் வீட்டு அம்மாள் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். அதையும் நாம் பொருட்படுத்தவில்லை. பொன்னிறமாகவும், இடையிடையே சங்குத் துணுக்குகள் மின்ன, ஓரங்களில் கருமணல் கோடு கோடாக ஓட, மகாபலிபுரத்துக் கடற்கரையே கூடத்துக்கு வந்துவிட்டது போன்ற அழகு! அன்று மாலையே சென்னைக் கொளத்தூருக்கு ஆள் அனுப்பி, நியான் டெட்ரா என்னும் நீலச்சுடர் மீன்கள் ஆறு தருவித்துத் தொட்டியில் விட்டோம்.

மூன்றாம் நாள் ஒரு மீன் மிதந்தது. ஐந்தாம் நாள் இரண்டு. எட்டாம் நாள் காலையில் தொட்டியில் விளக்கு எரிந்தது, காற்றுக் குமிழிகள் வந்தன, கடற்கரையும் அழகாகவே இருந்தது, மீன்தான் ஒன்றுமில்லை. அந்நாளையச் சென்னைவாசிகள் மிருகக்காட்சிச்சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும், பொருட்காட்சிச்சாலையைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்லுவார்கள். நம் வீட்டுக் கூடத்தில் ஓர் உயிர்க் காலேஜ் எட்டே நாளில் செத்த காலேஜாக மாறிவிட்டது.

வேடிக்கையாகச் சொல்லுகிறோமே தவிர, அன்று சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. பேத்தி ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கடைசி மீனைக் கிடத்தி, முருங்கை மரத்தடியில் புதைத்தாள். பிறகு நம்மிடம் வந்து, "தாத்தா! நீங்கதானே மணலை ஏழு தண்ணி கழுவினீங்க? அப்புறம் ஏன் செத்துப்போச்சு?" என்று கேட்டாள்.

"அந்த மீனுக்கு ஆயுசு அவ்வளவுதான், அம்மா" என்றோம்.

அவள் அதை நம்பிவிட்டாள். மறுபேச்சுப் பேசாமல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் நம்பாமல் சண்டை பிடித்திருந்தால் நாமும் அன்றிரவு தூங்கியிருப்போம். ஒன்பது வயதுக் குழந்தையின் நம்பிக்கையைப் பொய்யால் வாங்கிவிட்டோமே என்கிற எண்ணம் ஊசி போல் குத்திக்கொண்டிருந்தது. உண்மையைக் கண்டுபிடிப்பதைத் தவிர அதற்கு வேறு பரிகாரம் தோன்றவில்லை.

விஷயம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் ஒரு கிண்ணத்தில் நம் மணலைக் கொஞ்சம் போட்டு, அதன்மேல் வினிகர் என்னும் காடியை நாலு சொட்டு விடச் சொன்னார். விட்டோம். சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் சுர்ரென்று நுரைத்தது! "அதுதான் சுண்ணாம்பு" என்றார் நண்பர்.

கடற்கரை மணல் முழுவதும் கல்லின் தூள் அன்று. சங்கும் சிப்பியும் பொடிந்து அதில் கலந்திருக்கின்றன. சிப்பி என்பது சுண்ணாம்பு. அது தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரைந்து, தண்ணீரைக் கடினமாக்குகிறது, காரத்தன்மையையும் ஏற்றுகிறது. நியான் டெட்ராவோ அமேசான் நதிக் காடுகளின் மென்மையான தண்ணீரில் பிறந்த ஜாதி. உப்பைக் கழுவலாம், சிப்பியை எழுபது தண்ணீர் மாற்றினாலும் கழுவ முடியாது.

இது பாதிக் குற்றந்தான். மீதிப் பாதி இன்னும் விசேஷமானது. மீன்கள் கழிக்கும் கழிவிலிருந்து அமோனியா என்னும் விஷம் உண்டாகிறது. பழகின தொட்டியில் இதைத் தின்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறியிருக்கும். நைட்ரோசோமோனாஸ் முதலிய ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷமே. நைட்ரோஸ்பைரா முதலிய மற்றொரு கூட்டம் அதனை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதியில்லை. வாரம் ஒரு முறை சிறிது தண்ணீர் மாற்றினால் போதும். இந்தக் கூட்டங்கள் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நாமோ மணல் பரப்பிய மாலையே மீனை விட்டோம். வீடு கட்டி, கழிவுநீர்ப் பாதை போடுமுன் குடித்தனக்காரரை ஏற்றியது போல.

இரண்டு குற்றங்களும் ஒன்றுக்கொன்று கை கொடுத்தன என்பதுதான் கொடுமை. தண்ணீரின் காரத்தன்மையைப் பி.எச். என்னும் கணக்கால் அளக்கிறார்கள். அந்தக் கணக்கு ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால், தண்ணீரிலுள்ள அமோனியாவில் விஷ வடிவமாயுள்ள பங்கு ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகிவிடுகிறதாம். ஆக, அமோனியாவை உண்டாக்கியது நம் அவசரம். அதன் விஷத்தைப் பெருக்கியது நம் கர்வம்.

ஒரு காந்தத்தை மணலில் விட்டுப் பார்க்கும்படியும் நண்பர் சொன்னார். கருமணல் மீசை முளைத்தாற்போல் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. இரும்பு கலந்த அத்தாதுமணல் மீனைக் கொல்லவில்லை. ஆனால் வடிகட்டி யந்திரத்துக்குள் இருக்கும் காந்தத்தில் ஒட்டி அதைத் தேய்த்துவிடும் என்றார்.

அன்று மாலை பேத்தியை உட்கார வைத்துக் காடிச் சோதனையைச் செய்து காட்டினோம். நுரையைக் கண்டு அவள் குதூகலித்தாள். அவள் குதூகலம் அடங்கும்வரை காத்திருந்து, "ஆயுசு என்று தாத்தா சொன்னது பொய், அம்மா. தாத்தா தெரியாமல் செய்த தப்பினால்தான் மீன்கள் செத்தன" என்று சொன்னோம். அவள் சற்று நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்படின்னா அடுத்த தடவை சாகாம செய்யலாமா?" என்றாள். ஆயுள் முடிந்தது என்கிற பொய்யில் இந்தக் கேள்விக்கு இடமே இருந்திருக்காது அல்லவா?

நிற்க. அள்ளி வந்த மணலை என்ன செய்வது? கொல்லையில் கொட்டிவிடலாம் என்றாள் நம் வீட்டு அம்மாள். அதைத் திரும்பக் கடற்கரைக்கே கொண்டு போவது என்று நாம் முடிவு செய்தோம். அதற்குக் காரணம் உண்டு.

கடற்கரை மணல் ஓரிடத்தில் சும்மா கிடக்கும் வஸ்து அன்று, அது பிரயாணி. நம் கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு போகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலில் சுவர் எழுப்பியபோது, இந்தப் பிரயாணம் தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது; வடக்கே இராயபுரம் பக்கத்தில் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ஓரிடத்தில் மணல் நின்றால் மற்றோரிடத்தில் வீடு போகிறது. தை முதல் பங்குனி வரையில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. அவற்றுக்கு இதுவே பிரசவ அறை. சாளுவன்குப்பத்தில் மணல் ஒரு கோயிலையே தன் வயிற்றில் மூடிக் காத்திருந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து போன பின் கல்வெட்டுகள் வெளிப்பட, 2005-இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்து, செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயிலைக் கண்டெடுத்தார்கள்.

ஆகவே 1991-ஆம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் அதன்பின் வந்தவையும் கரையில் மணல் வெட்டியெடுப்பதைத் தடுத்து வைத்திருக்கின்றன. இரண்டு வாளி அள்ளிய கிழவனைத் தேடிச் சட்டம் வருமா என்பதன்று கேள்வி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களுடன் நடந்து சென்று, ஒரு பிடி உப்பு அள்ளிச் சிறை சென்றார். கடற்கரையில் ஒரு பிடி அள்ளுவது அன்று தேசத் தொண்டு. இன்று அதே கடற்கரையில் ஒரு பிடி அள்ளாமல் விடுவது தேசத் தொண்டு. அந்தச் சட்டம் நம்மைக் கேட்காமல் பிறர் போட்டது. இந்தச் சட்டம் நம் பேரப்பிள்ளைகளுக்காக நாமே போட்டுக்கொண்டது. நாமே போட்ட சட்டத்தை நாமே மீறினால், பிறகு சுதந்திரம் என்பது யாரிடமிருந்து?

பங்குனி மாதத்தில் ஒரு நாள், நாலு நாள் வெயிலில் காய்ந்த அந்த மணலைப் பேத்தியும் நாமும் நெம்மேலிக் கரையில் கொண்டுபோய்க் கொட்டினோம். கருவாட்டு மூதாட்டி அன்றும் இருந்தாள். "என்ன ஐயா, மீனு செத்துப்போச்சா?" என்றாள். தலையை அசைத்தோம். அவள் சிரிக்கவில்லை.

இனி, செயற்கை மணல் தளம் போட்ட வரலாற்றுக்கு வருவோம்.

பாலாற்று மணலை நினைத்தோம். ஆனால் பாலாற்றை அள்ளி அள்ளி நம் ஜில்லா அடைந்த கதியை நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. எஞ்சியது, கொத்தனார்கள் எம்-சாண்ட் என்று சொல்லும் கல்மணல். மலைக்கல்லை யந்திரத்தில் உடைத்துச் சலித்து எடுப்பது. நம் செங்கற்பட்டுப் பக்கத்துக் குவாரிகளில் கிடைக்கும் கருங்கல்லில் ஒரு வகைக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியில் இருந்த கல்லும் பல்லாவரம், பரங்கிமலைக் கல்லும் ஒரே ஜாதி என்று கண்டு, தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியல் நிபுணர் 1893-இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். அலையும் வெயிலும் பல லட்சம் வருஷங்களில் செய்யும் காரியத்தை யந்திரம் ஒரு நாழிகையில் செய்துவிடுகிறது. வீடு கட்டிய அண்டை வீட்டுக்காரரிடம் மிச்சமிருந்ததில், சிமெண்டு கலவாததாகப் பார்த்து, ஒரு முறம் கேட்டு வாங்கினோம். காடி விட்டோம், நுரைக்கவில்லை. அப்பாடா!

ஆனால் இரண்டு குறைகள். முதலாவது, மாவு போன்ற கல்தூள். தொட்டியில் போட்டால் தண்ணீர் மோர் மாதிரி ஆகிவிடும். இரண்டாவது, அலையில் உருண்டு பழகாத மணலாதலால் ஒவ்வொரு மணியும் முனை கூராக இருக்கும். முதல் குறைக்குச் சல்லடை இருக்கிறது. கோதுமை சலிக்கும் சல்லடையில் தூளைப் போக்கி, தண்ணீர் தெளியும்வரை கழுவினோம். (சல்லடை காணாமற் போனதைப் பற்றி வீட்டில் நடந்த விசாரணையை இங்கே விஸ்தரிக்கவில்லை.) இரண்டாவது குறைக்கு நண்பர் சொன்ன உபாயம், மணலை ஒரு தகட்டில் ஒட்டித் தளமாக்கிவிடுவது. ஒட்டின மணல் கலையாது; கழிவு அதற்குள் புதையாது; மேலோடு உறிஞ்சி எடுத்துவிடலாம். தடித்த மணல் படுகையில் காற்றுப் போகாத அடிப்பகுதி அழுகி விஷவாயு உண்டாகும் பயமும் இல்லை.

முதல் முறை ஒரு பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டினோம். பத்தாம் நாள் மணல் முழுவதும் கல்லிலிருந்து எடுத்த தோசை போல் ஒரே வில்லையாக உரிந்து வந்தது. மீன் தொட்டிக் கண்ணாடிகளை ஒட்டும் சிலிக்கோன் பசை கண்ணாடியைத்தான் விடாமல் பிடிக்கும். பிளாஸ்டிக்கோடு அதற்குச் சிநேகம் இல்லை என்பதை அன்று கற்றோம்.

இரண்டாம் முறை தொட்டியின் அடிப்பரப்புக்குக் கால் அங்குலம் குறைவாக, இரண்டு துண்டுக் கண்ணாடிகள் வெட்டி, ஓரங்களை மழுக்கி வாங்கினோம். பசை நன்கு பிடித்தது. ஆனால் தகட்டைச் சும்மா அடியில் வைத்துவிட்டோம். இரண்டு வாரத்துக்குப் பிறகு, சோதனைக்காகப் போட்ட தீனி தகட்டின் அடியில் புகுந்து அழுகி, கூடம் முழுவதும் கூழ்முட்டை நாற்றம்! பேத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை தாத்தா, இந்தத் தடவை மீனை விடலை" என்றாள். நம் வம்சத்தில் அறிவு வளர்ந்து வருகிறது என்று தெரிந்துகொண்டோம்.

மூன்றாம் முறை செய்ததை, வேறு யாரேனும் செய்ய விரும்பினால் பயன்படுமென்று வரிசையாகச் சொல்லுகிறோம். கண்ணாடித் துண்டுகளை எண்ணெய்ப் பசை நீங்கத் துடைத்து உலர்த்த வேண்டும். மணலும் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலவாத சிலிக்கோன் பசையாகப் பார்த்து வாங்க வேண்டும். குளியலறைக்கென்று விற்பது மீனுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பசையை ஓர் அட்டைத் துண்டால் வெண்ணெய் தடவுவது போல் ஒரே சீராகத் தடவி, அது தோல் கட்டுமுன் மணலைத் தாராளமாகக் கொட்டி, உள்ளங்கையால் அழுத்த வேண்டும். பசை உலரும்போது காடி வாசனை வீசும். அந்த வாசனை அடியோடு போகும்வரை ஒரு வாரம் தொடக்கூடாது. பிறகு கவிழ்த்துத் தட்டி, ஒட்டாத மணலைத் தூரிகையால் துடைத்து, சொட்டையான இடங்களில் மறுபடி ஒரு பூச்சு. அதுவும் உலர்ந்தபின், ஒரு கருங்கல் துண்டால் மெல்லத் தேய்த்துக் கூர்மையை மழுக்கலாம். தகட்டைத் தொட்டியில் இறக்கி, நாலு ஓரங்களிலும் நடு இணைப்பிலும் பசையால் இடைவெளி இல்லாமல் அடைத்துவிட வேண்டும். இதுதான் இரண்டாம் முறை நாம் விட்ட பிழை. அதுவும் உலர்ந்த பிறகு தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டும். செடிகளுக்கு வேர் விட இடமில்லாதபடியால், சிறு மண்தொட்டிகளில் நட்டு வைக்க வேண்டும்.

இவ்வளவும் ஆன பின்னும் அவசரப்படவில்லை. மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்களை வரவேற்றோம். வாரம் ஒரு முறை சோதனைத் துளிகளால் தண்ணீரைப் பரிசோதிப்பது பேத்தியின் உத்தியோகம். அமோனியா ஏறியது; பிறகு இறங்கியது. நைட்ரைட் ஏறியது, அதுவும் இறங்கியது. ஆறாம் வாரம் இரண்டும் ஒன்றுமில்லை என்று அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

இம்முறை அமேசான் மீன் வேண்டாம், நம் ஊர்க் கடினத் தண்ணீரைத் தாங்கக்கூடிய மீனே வேண்டும் என்று தீர்மானித்தோம். சந்தையில் உயிரோடு விற்ற அயிரை மீன்களில் ஐந்து வாங்கி வந்தோம். "குழம்புக்கு ஐந்து எப்படிப் போதும்?" என்று கேட்டாள் நம் வீட்டு அம்மாள். வளர்ப்பதற்கு என்றதும், அவள் வாய் திறவாமல் நம்மை ஒரு பார்வை பார்த்தாள்.

இங்கேதான் நம் கர்வத்துக்குக் கடைசி அடி விழுந்தது. அயிரைகள் உயிரோடுதான் இருந்தன. தீனியும் தின்றன. ஆனால் நாலு நாள் கூர்ந்து பார்த்துவிட்டுப் பேத்தி சொன்னாள்: "தாத்தா, அது மூஞ்சியைத் தரையில முட்டிக்கிட்டே இருக்கு. உள்ளே போகணும்னு நினைக்குது. தரை திறக்க மாட்டேங்குது."

பார்த்தோம். உண்மைதான். அயிரை மணலில் புதைந்து வாழும் ஜாதி. மீசையால் மணலைத் துழாவி இரை தேடும். பயம் வந்தால் கணத்தில் மணலுக்குள் மறைந்து தலையை மட்டும் நீட்டும். நாம் மூன்று முறை முயன்று செய்த தளம் பார்வைக்கு மணல்; மீனுக்குச் சிமெண்டுத் தரை. நம் கண்ணுக்கு வேண்டியதைச் செய்தோமே தவிர, அதன்மேல் வாழப்போகிறவர்களைக் கேட்கவில்லை.

தண்ணீர் வடிகட்டும் சாதனங்களுக்கென்று, உருண்டை மணியாகச் சலித்த குவார்ட்ஸ் மணல் விற்கிறார்கள். அதில் இரண்டு கிலோ வாங்கி, காடி விட்டுச் சோதித்து, கழுவி, ஓர் அகன்ற மண்தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்கு நிரப்பித் தொட்டியின் ஒரு மூலையில் வைத்தோம். அரை நாழிகை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓர் அயிரை தட்டின் விளிம்பில் ஏறி, மீசையை ஓட்டிப் பார்த்தது. ஒரு துள்ளல்; ஆளைக் காணோம்! சற்றுப் பொறுத்து, மணலிலிருந்து இரண்டு கண்கள் மட்டும் நம்மைப் பார்த்தன. பேத்தி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள்.

1850-இல் லண்டன் நகரத்து ரசாயன நிபுணர் ராபர்ட் வாரிங்டன், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களும் நீர்ச்செடியும் வைத்து, அழுகும் இலைகளைத் தின்னக் குளத்து நத்தைகளையும் சேர்த்து, எல்லாம் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை உலகுக்கு எடுத்துக் காட்டினார். அந்தப் பாத்திரத்தின் அடியிலும் அவர் மறவாமல் மணலும் சேறும் இட்டிருந்தார். அடித்தளம் அலங்காரமன்று, அதுவே அந்தச் சிறு உலகத்தின் வயிறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு அது தெரிய ஆறு மீன்களின் உயிர் வேண்டியிருந்தது.

இப்போது கார்த்திகை மாதம். வெளியே அடைமழை. தொட்டியில் ஐந்து அயிரைகளும் சௌக்கியம். ஒட்டிய தளம் கூடத்துக்கு வருகிறவர்கள் பார்த்து மெச்சுவதற்கு. மூலையில் இருக்கும் மண்தட்டு மீன்களுக்கு. மெச்ச வருகிறவர்களிடம் பேத்தி முதலில் காட்டுவது அந்தத் தட்டைத்தான். "இது யார் செய்தது?" என்று அவர்கள் கேட்டால், "தரை தாத்தா போட்டது, வீடு நான் போட்டது" என்கிறாள்.

அதை மறுத்துப் பேச நம்மிடம் ஒன்றுமில்லை.